பார்ப்பதும் இம்சை ஆகுமோ?

கொலை புரியாதோர், ஊன் உண்ணாதோர் என்னும் பெருமை சிராவகர்களாகிய நமக்கு உண்டு. ஆயினும், கொல்லாது வெறுமனே பார்ப்பதிலும் இம்சை உண்டோ என்னும் ஐயம் அண்மையில் நமக்கு எழுந்தது.

விடுமுறையில் பேரக் குழந்தைகளுடன் திருவண்ணாமலையிலிருந்து முதுமலைக்குச் சென்றிருந்தோம். 1940-இல் சரணாலயமாக அமைந்து, 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பெற்ற காடு அது. புள்ளிமான் கூட்டத்தைக் கண்டதும் ஊர்தியில் இருந்தோர் கைதட்டி ஆரவாரித்தனர். மான்கள் மேய்ச்சலை விட்டு ஓடின. நாமும் தடுத்து ஒரு சொல் கூறவில்லை. திரும்புகையில், "புலி வரவில்லையே பாட்டி, பணம் வீண்தானே?" என்றான் பேரன். பல்லாண்டு ஆசிரியப் பணி ஆற்றிய நமக்கு உடனே விடை கூற இயலவில்லை.

புலி தனித்து வாழ்வது. பதுங்கியிருந்து பாய்ந்தே இரை கொள்வது. அம்முயற்சிகளுள் பெரும்பாலானவை தோல்வியிலேயே முடியும். நீர்நிலைக்கு அது வரும் வேளையில் ஊர்திகள் சூழ்ந்து நின்றால், அன்று அதற்குப் பட்டினி நேரலாம். குட்டிகளை உடைய தாய்ப்புலியாயின் அப்பசி அதனோடு நில்லாது. இல்லறத்தார்க்குரிய மூன்று குணவிரதங்களுள் ஒன்றாகிய அனர்த்த தண்ட விரதம் இதனையே விலக்குகிறது. வாழ்வுக்குத் தேவையின்றி, பொழுதுபோக்கிற்காகப் பிற உயிரை வருத்தலாகாது என்பது அதன் கருத்து.

இதற்கு மறுப்பும் உண்டு. காண்போர் வருகையால் காட்டோர மக்கள் சிலருக்குப் பிழைப்பு கிடைக்கிறது. கண்டறியாத உயிர்மீது அன்பு பிறத்தலும் அரிது. 2006-இல் 1,411 என மதிப்பிடப்பட்ட இந்தியப் புலிகள், 2022 கணக்கெடுப்பில் 3,682 என மதிப்பிடப்பட்டன. 2012 ஜூலையில் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவைத் தடுத்த உச்ச நீதிமன்றமும், அக்டோபரில் நெறிமுறைகளுடன் இசைவளித்தது. எனினும், சட்டம் இசைந்தவை எல்லாம் அறம் ஆகிவிடா. புலிகளின் அமைதிக்காகக் காட்டில் பிறந்த குடிகள் பலர் தம் ஊரையே துறந்தனர். அவ்வமைதியை நாம் கட்டணம் செலுத்திக் குலைப்பது முறையோ?

வர்த்தமானர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாயிருந்தபோது, மானைக் கொன்ற அதன்முன் சாரண முனிவர் இருவர் வந்து அறம் உரைத்தனர் என்பது புராணம். அவர்கள் வந்தது தம் கண்களின் விருப்பிற்காக அன்று, அவ்வுயிரின் நலத்திற்காக.

ஆதலின் காட்டிற்குச் செல்லற்க என்று நாம் கூறவில்லை. செல்வோர் ஓசையின்றிச் செல்க. விலங்கை நெருங்குமாறு ஓட்டுநரைத் தூண்டாதிருக்க. புலியைக் கண்டே தீர்வோம் என்னும் பற்றை வீட்டிலேயே விட்டுச் செல்க. கிரிவலப் பாதையை ஒட்டிய நம் மலைக்காட்டு மான்களுக்கும் இது பொருந்தும்.

பேரனுக்குப் பின்னர் இவ்வாறு விடை கூறினோம்: "வருவதும் வாராதிருப்பதும் புலியின் விருப்பம். நாம் கொடுத்தது அதன் வீட்டு வாயில்வரை செல்வதற்கான கட்டணமே. நம் குறை வேறு. நம் ஆரவாரத்தால் மான்கள் பசியோடு ஓடின. அடுத்த முறை அவை ஓடாதவாறு சென்று வருவோம்."