குட்டியை விற்பதா, வளர்ப்பதா?

மருதமுனை தொட்டு அக்கரைப்பற்று வரை வீட்டோடு வீடு நெருங்கிக் கிடக்கும் எங்கள் கடலோர ஊர்களில் மேய்ச்சல் தரை அரிது. பூவரசங் கொப்பும் முருங்கை இலையும் முறித்துப் போட்டே பெண்கள் ஆடு வளர்க்கிறார்கள். குட்டி பால்குடி மறந்ததும் ஒரு கேள்வி எழுகிறது. உயிரோடு வியாபாரியிடம் கொடுப்பதா, வளர்த்து இறைச்சிக்கு அறுப்பதா?

காசுக் கணக்கு சிக்கலானதல்ல. உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் இறைச்சியாகத் தேறும். வியாபாரி கண்ணாலேயே நிறுத்துவிடுவார். அந்தக் கண் பெரும்பாலும் அவருக்குச் சாதகமாகவே நிறுக்கும்.

ஆனால் பலர் விற்பது காசுக்காக மட்டுமல்ல. “என்ட கையால திண்டு வளந்தத நான் எப்பிடி சேர் அறுக்கக் குடுக்கிற?” என்று ஒரு ராத்தா என்னிடம் கேட்டார். அந்த இரக்கம் பெரிது. எனினும் அதிலிருந்து அவர் எடுத்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. விற்ற குட்டியும் ஒருநாள் அறுபடத்தான் போகிறது. அதற்கு முன் கால் கட்டப்பட்டு, வாகனத்தில் அடைபட்டு, தண்ணீரின்றிக் கிடக்கவும் கூடும். நமது கண்ணுக்கு மறைந்துவிட்டதால் ஆட்டுக்கு வலி குறைந்துவிடுமா?

அறுப்பதையே தொழிலாகக் கொள்வது உள்ளத்தை இறுக்கிவிடும் என்பதால் இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் அதனை விரும்பத்தகாததென்கிறார். நியாயந்தான். அறுப்பைப் பாராமலே கலியாண வீட்டில் புரியாணி உண்ணும் நம் போன்றோரின் உள்ளம் எந்த வகையில் சேரும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கத்தியைக் கூராக்குமாறும் பிராணிக்கு இலகுவளிக்குமாறும் நபிகளார் (ஸல்) பணித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதை நிறைவேற்றப் பொருத்தமானவர் வளர்த்தவரே. ஆட்டின் குணம் அவருக்குத் தெரியும். அவர் கைபட்டால் அது மிரளாது. முகமறியாக் கைக்கு விற்பவர் இந்தக் கடமையையும் சேர்த்தே கைமாற்றுகிறார்.

உழ்ஹிய்யா இதை இன்னும் கடினமாக்குகிறது. ஷாபிஈ மத்ஹபில் வெள்ளாட்டுக்கு இரண்டு வயது பூர்த்தியாக வேண்டும். நேர்ச்சை வைத்துவிட்டால் பின்னர் விற்க முடியாது. அறுப்பவருக்குத் தோலைக் கூலியாகவும் கொடுக்கலாகாது. முடிவு தெரிந்துகொண்டே இரண்டு வருடம் இலை முறித்துப் போட்டுத் தடவிக்கொடுப்பது இலேசான காரியமா? அந்தப் பாரத்தைச் சுமப்பவரைத்தான் நான் இரக்கமுள்ளவர் என்பேன்.

பிள்ளையின் படிப்புச் செலவுக்காக விற்பவளிடம் இந்த வாதத்தை நான் கொண்டுபோகமாட்டேன். அவள் விற்கட்டும். முடிந்தால் தெரிந்தவருக்கு, கால் கட்டாமல் நடத்திக்கொண்டு போகும் தூரத்துக்குள்.