ஓசூர் ரோட்டில் உனக்கொரு வாசல்

ஓசூரில் பெங்களூரு பஸ் ஏறும் தம்பி, தங்கையே! அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு எல்லாம் தாண்டினால் அதே ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் நிற்கிறது. மனநல மருத்துவத்தில் நாட்டுக்கே தலைவாசல். உன் ஊர்ப் பெயரைச் சுமக்கிற சாலையில் இருக்கும் அந்த வாசலைப் பார்த்து, ‘அதெல்லாம் நமக்கு எங்கே’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாயே, ஏன்?

“எனக்கு மெஷின்தான் தெரியும்” என்கிறாய். “மனசைப் பத்திப் படிச்சா சோறு போடுமா?” என்கிறார் அப்பா. இருவரும் பார்பரா ரோத்பாமைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் அட்லாண்டாவில், எமரி பல்கலைக்கழகத்தில் மருத்துவ உளவியலாளர். அதே ஊரில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் அப்போது கணினி வல்லுநராக இருந்தவர் லாரி ஹாட்ஜஸ். உயரத்தைக் கண்டு நடுங்குபவரை மாடிமாடியாக ஏற்றிப் பழக்குவது பழைய சிகிச்சை. இவர்கள் இருவரும் சேர்ந்து அந்த மாடியையே கணினிக்குள் கட்டினார்கள். கண்ணாடி லிஃப்ட், பாலம், பால்கனி. தலையில் கருவியை மாட்டிக்கொண்டவர் தன் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று எண் சொல்வார். எண் இறங்கினால் அடுத்த உயரம். அன்றைய கணினிப் படங்கள் கரடுமுரடானவை. ஆனாலும் நெஞ்சு படபடத்தது, உடல் வியர்த்தது. 1995-இல் முடிவு வெளியானது: சிகிச்சையை முடித்த 10 பேரில் 7 பேர், யாரும் சொல்லாமலே, நிஜமான உயரங்களைத் தேடிப் போய் நின்றிருந்தார்கள்.

யாரும் சொல்லாமலே! மனிதனுக்குள் இருக்கும் துணிவுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அதே ரோத்பாம் பின்பு வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக மெய்நிகர் ஹெலிகாப்டரையும் காட்டையும் உருவாக்கும் பணியில் இறங்கினார். சியாட்டிலில் ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயம் பட்டவர்களுக்காகப் பனி உலகம் ஒன்றைப் படைத்தார்கள். கட்டு மாற்றும் கொடிய நிமிடங்களில் நோயாளி பனி உருண்டை எறிந்துகொண்டிருப்பார். கவனம் அங்கே போக, வலி தணியும்.

தீக்காயம் என்றதும் எனக்கு 2023 கண்முன் வருகிறது. ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்தது. அக்டோபரில் அத்திப்பள்ளி பட்டாசுக் கடை எரிந்தது. பிழைப்புத் தேடி வந்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கருகினார்கள். இப்படிப்பட்ட விபத்தில் பிழைத்தவன் இரவில் எதைக் கண்டு அலறி எழுகிறான்? பிரஸ் மெஷினில் விரலை இழந்தவன் மறுபடி அந்த மெஷின் முன்னால் எப்படி நிற்பான்? தொழிற்சாலைகள் நிறைந்த இந்த மண்ணில் இந்தக் கேள்விகளுக்கு ஆள் வேண்டும். அந்த ஆள் நீ ஏன் ஆகக்கூடாது?

2018-இல் ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் குழு 100 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், விஆர் என்னும் மெய்நிகர் கண்ணாடிக்குள் இருந்த கணினிப் பயிற்சியாளரே உயர பயத்துக்குச் சிகிச்சை தந்து வென்றார். அப்படியானால் மனிதன் எதற்கு என்று கேட்பார்கள். அந்தப் பயிற்சியாளரின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் சிகிச்சை தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள்! தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அந்தச் சொற்களை யார் எழுதுவது? மூன்றும் கலந்து ஒலிக்கும் தெருவில் வளர்ந்தவன் நீ. உனக்கு மெஷினும் தெரியும். இந்தச் சொத்து ஆக்ஸ்ஃபோர்டில் கிடையாது.

பாதை நீளம்தான், மறைக்க மாட்டேன். உளவியலில் இளங்கலை, முதுகலை, அதன்மேல் இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் பயிற்சி. பள்ளி முடித்துப் பல வருடம் ஆகும். இடங்கள் குறைவு, நுழைவுத் தேர்வில் போட்டி கடுமை. முதல் முறை கிடைக்காவிட்டால் மறுபடி எழுது!

இன்று ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்ததும், இந்தப் பாதையைப் பற்றிய உன் பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை என்று ஒரு காகிதத்தில் எழுது. எண்பதா? இருக்கட்டும். போனை எடு, நிமான்ஸ் இணையதளத்தில் மருத்துவ உளவியல் துறையின் பக்கத்தைத் திற, சேர்க்கைத் தகுதியை முதல் வரியிலிருந்து படி.