இரண்டு கடன்கள்

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு மண்ணச்சநல்லூரிலிருந்து நடந்து செல்லும் நம் பங்கு மக்களோடு சென்ற ஆண்டு நாமும் சென்றிருந்தோம். கொள்ளிடத்தைக் கடந்து, தஞ்சை வழியாக, கொப்புளம் கண்ட கால்களுடன் அன்னையின் ஆலயத்தை அடைந்து நேர்த்திக்கடனைச் செலுத்தியாயிற்று. ஊர் திரும்புமுன் சிலர் வேன் ஒன்றை அமர்த்தி, வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை வரை போய்வர விரும்பினர். மானைப் பார்க்க வேண்டும் என்பது சிறுவர்களின் ஆசை. அவர்களைச் சாக்காக வைத்துப் பெரியவர்களும் ஏறிக்கொண்டனர்.

கோடியக்கரை வெளிமான்களுக்காகவே 1967ஆம் ஆண்டு சரணாலயமாக்கப்பட்ட இடம். புல்வாய், இரலை, திருகுமான் என்று தமிழில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. ஆணுக்கு மட்டும் முறுக்கிய நீண்ட கொம்பு. வயது முதிர முதிர அதன் முதுகு கருத்துவிடும். பெண்மான் மண்ணின் நிறம். அன்று மாலை உப்புக்காற்று வீசிய புல்வெளியில் ஒரு கூட்டத்தைக் கண்டோம். சற்றுத் தொலைவில், யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் சில தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. சிறுவர்கள் மானைவிடக் குதிரைக்கே அதிகம் ஆரவாரித்தனர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

உடன் வந்த உள்ளூர்க்காரர், "இந்தக் குதிரைகளால்தான் மானுக்குக் கஷ்டம், பிடித்து அப்புறப்படுத்த வேண்டும் என்கிறார்கள்" என்றார். நம்மோடு வந்த பெரியவர் ஒருவர் அரிசி ஆலையில் முப்பது ஆண்டுகள் நெல் அவித்தவர், அதிகம் பேசாதவர். அவர் திரும்பி, "கொண்டாந்து விட்டது மனுசன். இப்பப் போன்னு சொல்றதும் மனுசன்தானா, சாமி?" என்று கேட்டார். வேனில் திரும்பும்போது நாம் ஏதோ ஒரு பதில் சொன்னோம். அது அவருக்கும் போதவில்லை, நமக்கும் போதவில்லை. ஆகவேதான் இதை எழுதுகிறோம்.

முதலில் உள்ளூர்க்காரர் சொன்னது மெய்தானா என்று பார்க்க வேண்டும். மெய்தான். மானுக்கு, ஆடுமாடுகளைப் போலவே, மேல்வரிசையில் முன்பற்கள் கிடையா. குதிரைக்கு மேலும் கீழும் உண்டு. அது புல்லைத் தரையோடு ஒட்டக் கத்தரித்துவிடும். முரட்டுப் புல்லையும் மிகுதியாகத் தின்று செரித்துக்கொள்ளும். மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி ஆய்வாளர்கள், குதிரைகள் மேயும் இடங்களை வெளிமான்கள் தவிர்த்து ஒதுங்குவதைப் பதிவு செய்திருக்கின்றனர். இன்னொரு தொல்லை சீமைக்கருவேல். குதிரையும் மாடும் அதன் இனிப்பான காய்களைத் தின்று, சாணத்தோடு விதைகளை வெளியெங்கும் இட்டுச் செல்கின்றன. பார்வையையும் ஓட்டத்தையும் நம்பி வாழும் பிராணிக்கு முட்புதர் சிறைச்சாலை. இந்த மானின் வேகத்துக்கு ஈடாக ஓடிய சிவிங்கிப்புலி இந்தியாவிலிருந்து அற்றுப்போனதாக 1952இல் அறிவிக்கப்பட்டது. துரத்தியவன் போய்விட்டான், ஓடுவதற்கான வெளியும் இப்போது சுருங்குகிறது.

இனி நியாயத்துக்கு வருவோம். "மான் இம்மண்ணுக்கு உரியது, குதிரை வந்தேறி" என்பது பலரும் சொல்லும் வாதம். இது நமக்கு உடன்பாடன்று. நம் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த பொன்னி அரிசியே, தைவான் நெல்லுக்கும் மலேசிய நெல்லுக்கும் பிறந்த கலப்பிலிருந்து தேர்ந்து, தமிழக வயலுக்கு வந்தது. மிளகாயும் அப்படியே கடல் கடந்து வந்ததுதான். வெளியிலிருந்து வந்தது என்பது ஒரு குற்றமானால் நம் சாப்பாட்டு இலையில் என்ன மிஞ்சும்?

வேறொரு வாதம் இதைவிட வலுவானது. புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பின் முதற்பாகம் 47ஆம் கேள்வியில், படைப்பில் ஏன் இத்தனை வகைகள் என்று ஆராய்கிறார். இறைவனின் நன்மையை ஒரே ஒரு படைப்பு முழுமையாகக் காட்ட இயலாது; ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்யவே அவர் பலவற்றைப் படைத்தார் என்பது அவர் முடிவு. அப்படியானால் ஓர் இனம் மறைவது வெறும் எண்ணிக்கைக் குறைவன்று. குதிரையினத்துக்கு உலகெங்கும் தொழுவங்கள் உண்டு. வெளிமானுக்குத் தமிழகத்தில் கோடியக்கரை, வல்லநாடு, கிண்டி, மோயாற்றுப் பள்ளத்தாக்கு என்று விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களே உள்ளன. அண்டை நாடான பாகிஸ்தானில் காட்டு நிலையில் அது அற்றே போயிற்று.

எனினும் பெரியவரின் கேள்விக்கு இது விடையாகவில்லை. அவர் குதிரையினத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று மாலை கண்முன் நின்ற குதிரைகளைப் பற்றிக் கேட்டார். தோமா இங்கே நமக்கு அதிகம் உதவமாட்டார். விலங்கிடம் கொடுமை காட்டுபவன் மனிதனிடமும் காட்டப் பழகுவான் என்பதற்காகவே அவர் அதைக் கண்டித்தார். அம்மட்டில் நின்றது போதாதென்று பணிவுடன் கருதுகிறோம். திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2418), விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரண் என்கிறது. யோபு நூலின் 39ஆம் அதிகாரமோ இன்னும் தாராளமானது. மலையாடு ஈனும் காலத்தையும் மான் கன்றீனுவதையும் பேசத் தொடங்கும் ஆண்டவர், அதே மூச்சில் குதிரையின் வலிமையையும் பெருமையோடு சொல்லிக்காட்டுகிறார். இரண்டும் அவருடையவை.

பாவசங்கீர்த்தனத்தில் நாம் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கோட்பாடு இங்கே உதவும் என்று தோன்றுகிறது. களவு செய்தவன் மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது; ஈடு செய்ய வேண்டும். இங்கே மனிதன் இருவருக்குக் கடன்பட்டிருக்கிறான். வேலை வாங்கியபின் அவிழ்த்துவிட்ட குதிரைக்கு ஒரு கடன். மேய்ச்சலைப் பறிகொடுத்த மானுக்கு ஒரு கடன். குதிரைகள் அங்கேயே கிடக்கட்டும், பாவம் என்று விடுவது இரக்கம்போலத் தோன்றும். உண்மையில் அது குதிரைக்குரிய கடனை மானின் புல்லைக் கொண்டு அடைப்பது. அதேபோல், பிடித்து யாருக்கேனும் விற்றுக் கைகழுவுவது மானுக்குரிய கடனைக் குதிரையின் உயிரைக் கொண்டு அடைப்பது. இரண்டும் கடன்பட்டவன் தன் கையிலிருந்து எதுவும் தராத வழிகள்.

ஆகவே குதிரைகள் அவ்வெளியை விட்டுப் போகத்தான் வேண்டும். ஆனால் செலவு நம்முடையது. பதறவிடாமல் பிடிக்க வேண்டும். மேலும் பெருகாமல் மருத்துவம் செய்ய வேண்டும். வேறிடத்தில் தீவனமும் நீரும் நிழலும் தந்து, சாகும்வரை காக்க வேண்டும். அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் ஏழைப் பிள்ளையின் படிப்பு என்றால் மட்டும் நினைவுக்கு வருவது, நம் திருவிழா வாணவேடிக்கையின்போது ஏன் வருவதில்லை? 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது அங்கே மானும் குதிரையும் சேர்ந்தே மடிந்தன. புயலுக்கு நாம் பொறுப்பில்லை என்றாவது அன்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

இவ்வளவையும் ஊர் திரும்பிய அடுத்த வாரம் பெரியவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "விட்டுட்டுப் போனவன் வந்து செலவு பண்ணுவானா, சாமி?" என்றார். நமக்குச் சுருக்கென்றது. முன்பு நாம் பணியாற்றிய பங்கில் ஒரு நாயை வளர்த்தோம். மாற்றல் ஆணை வந்தது. புத்தகப் பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வண்டிக்குப் பின்னால் அது தேர்முட்டி வரை ஓடி வந்தது. அந்தப் பங்கின் உபதேசியார் இன்னும் அவ்வப்போது தொலைபேசியில் பேசுகிறார். நாயைப் பற்றி அவரிடம் நாம் இதுவரை விசாரித்ததில்லை.