காற்று அடங்கட்டும் என்று

மனிதன் தன் ஆயுளில் சொல்லும் வார்த்தைகளுள் மிகச் சாதுவாகத் தோன்றி மிகப் பெரிய நஷ்டத்தை விளைவிப்பது எது என்று என்னை யாரேனும் கேட்டால், "கொஞ்சம் அடங்கட்டும், பிறகு பார்ப்போம்" என்பதுதான் அது என்று தயங்காமல் சொல்வேன். கடன் அடையட்டும், பிள்ளைகள் தலையெடுக்கட்டும், ஊர் நிலைமை சீர்ப்படட்டும் என்று நாம் தள்ளிவைக்கும் காரியங்கள், பெரும்பாலும், தள்ளிவைக்கத் தகாத காரியங்களாகவே இருக்கின்றன. இந்த வார்த்தை விவேகத்தைப் போலவே வேஷம் தரித்து வருவதால் அதை இனங்கண்டு கொள்வது எளிதன்று. ஐம்பது வயது கடந்த பிறகு, மெல்பேர்ண் நகரின் கிழக்குப் புறத்தே ரோவில் என்னும் ஊரில், ஒரு புல்வெளியின் நடுவே, இரண்டு எஃகுக் கம்பிகளின் முனையில் ஒரு சிறு விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு காற்று நாளில்தான் அதன் உண்மை முகத்தை நான் கண்டேன்.

ரோவில், டண்டினோங் மலைத்தொடர் கண்ணுக்கு எட்டும் தொலைவில், ரயில் பாதை இன்னும் எட்டிப் பாராத ஒரு விசாலமான குடியிருப்பு. மெல்பேர்ணின் வசந்த காலம் காற்றின் காலம். காலையில் வடக்கேயிருந்து உள்நாட்டு வரட்சியைச் சுமந்துகொண்டு ஒரு காற்று வீசும். அது ஓய்ந்த மறுகணமே தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று வந்து மோதும். அத்தகைய ஒரு நாளில்தான் கண்ட்ரோல் லைன் விமானங்களின் சாகசப் போட்டி அங்கே நடைபெற்றது.

இந்த வித்தையை அறியாதவர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். இது வானொலி அலைகளால் ஏவப்படும் விமானம் அன்று. 1940-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் வாக்கர் என்பவர் பரவச் செய்த முறை இது. விமானத்தைப் பறக்கவிடுபவன் வட்டத்தின் மையத்தில் நிற்பான். அவன் கையிலுள்ள பிடியிலிருந்து, அரை மில்லிமீட்டர் தடிப்புக்கூட இல்லாத இரண்டு எஃகுக் கம்பிகள் ஏறக்குறைய 20 மீட்டர் தூரம் சென்று விமானத்தின் இறக்கைக்குள் நுழையும். மணிக்கட்டைச் சற்றே சாய்த்தால் வாலிலுள்ள எலிவேட்டர் அசைந்து மூக்கு மேலே எழும், மறுபுறம் சாய்த்தால் கீழே இறங்கும். ஐந்து வினாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் ஒரு முழு வட்டத்தைச் சுற்றிவரும் அந்தப் பொறியைக்கொண்டு, வளையங்கள், சதுரங்கள், முக்கோணங்கள், எட்டுகள், மணற்கடிகை, நாலிதழ்ப் பூ என விதிக்கப்பட்ட வரிசையில், 7 நிமிஷத்துக்குள், ஆகாயத்தில் கோலம் போட்டு முடித்துத் தரையிறக்க வேண்டும். ஒவ்வொரு கோலத்தின் அடிப்பாகமும் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அமைய வேண்டும். நடுவர்கள் கோலத்துக்குத்தான் மதிப்பெண் இடுகிறார்கள். காற்றுக்காக ஒரு மதிப்பெண்ணும் கூட்டிப் போடுவதில்லை.

இதில் உயிர்நாடி ஒன்று உண்டு: கம்பி விறைத்திருக்கும் வரையில்தான் விமானம் நம்முடையது. கம்பி தொய்ந்த கணத்தில், கையை எப்படி அசைத்தாலும், விமானம் கேட்பதில்லை. வெளியே ஓட முயலும் விமானத்தின் இழுப்பும் உள்ளே பிடித்திருக்கும் கையின் இழுப்பும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்பதனால்தான் இத்தனை கோலங்களும் சாத்தியமாகின்றன. இங்கே காற்று பிரவேசிக்கிறது. காற்று போகும் பக்கத்தில் விமானம் இருக்கையில், காற்று அதை என்னிடமிருந்து வெளியே தள்ளிக் கம்பியை விறைக்கச் செய்கிறது; காற்று வரும் பக்கத்துக்கு அது சென்றதும், அதே காற்று அதை என்மேல் தள்ளிக் கம்பியைத் தொய்யவைக்கிறது. ஆகையினால், பறக்கவிடுபவன் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நின்று, தன் கோலங்களை எல்லாம் முன்னாலுள்ள அரைவட்டத்திலேயே போடுகிறான்.

இந்தப் பாடத்தை எனக்கு முதலில் கற்பித்தது ரோவில் அன்று. நான் பிறந்தது யாழ்ப்பாணத்து வடமராட்சியில். தைப்பொங்கலையொட்டி வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் வல்வெட்டித்துறைக் கடற்கரை பட்டங்களால் நிறையும். கொக்குப்பட்டம், பிராந்துப்பட்டம், பெட்டிப்பட்டம் என்று எத்தனையோ வகைகள். விண் என்னும் ஒலிக்கருவி பூட்டி ஏற்றிய பட்டத்தை இரவில் பனையில் கட்டிவிட்டுப் படுத்தால், விடியும்வரை அது வானத்தில் ரீங்காரம் செய்துகொண்டிருக்கும். பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சையைக் கட்ட என் தாய்மாமன் எனக்குப் பழக்கினார். ஒருநாள், காற்றுக்கு எதிராக ஓடி ஓடி, நூலும் அறுந்து, நானும் மூச்சிரைத்து நின்றபோது, அவர் என் தோள்களைப் பிடித்துத் திருப்பிவிட்டு, "காத்தோடை மல்லுக்கட்டாதை, தம்பி. அதை முதுகிலை வாங்கிக்கொண்டு நில்" என்றார். அவ்வளவுதான். பட்டம் தானாக எழுந்தது. அன்று அதை ஒரு பட்டத்தின் சூட்சுமமாக மட்டுமே கேட்டுக்கொண்டேன்.

1988-இல் இந்தத் தேசத்துக்கு வந்தேன். அந்த யுத்தப் புயலில் ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள் எவரையும் நான் குறைகூற மாட்டேன். இடி முழங்கும் வானத்தின் கீழே எஃகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது தைரியம் அன்று, பேதைமை. எங்கள் போட்டிகளிலும் அப்படிப்பட்ட நாளில் எல்லோரும் கம்பிகளைச் சுற்றிவைத்துவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் புயல் வேறு, காற்று வேறு. இந்த இரண்டையும் பிரித்தறியாமல் இருந்ததே என் வாழ்க்கையின் பெரிய பிழை. 2002-ஆம் ஆண்டு பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, சில வாரங்களில் ஊருக்குப் போகும் ஏ9 பாதையும் திறந்தது. இங்கிருந்து எத்தனையோ பேர் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய், வேலிகளையும் கிணறுகளையும் பார்த்து அழுதுவிட்டுத் திரும்பினார்கள். அம்மா தொலைபேசியில் ஒரு முறைதான் கேட்டாள்: "நீ எப்ப மேனை வாறாய்?" நிலைமை இன்னும் கொஞ்சம் அடங்கட்டும் அம்மா, இங்கே வேலையும் நிரந்தரமாகட்டும் என்று நான் சொன்னேன். அவள் மறுபடி கேட்கவில்லை. 2004-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அவள் காலமானாள். நான் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது.

இதற்கெல்லாம் முன்பே, இந்த நாட்டில் நான் பெற்ற முதற் சம்பளத்தில் ஒரு 20 டாலர்த் தாள் இருந்தது. அதில் தாடி வைத்த ஒரு மனிதரின் முகமும் அவரைச் சுற்றிச் சில பறக்கும் பொறிகளும் அச்சிடப்பட்டிருந்தன. அவர் பெயர் லாரன்ஸ் ஹார்கிரேவ் என்று பின்னர் அறிந்துகொண்டேன். 1894-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் திகதி, சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க் கடற்கரையில், நான்கு பெட்டிப்பட்டங்களை ஒரே கயிற்றில் தொடுத்து, கடற்காற்றின் பலத்தால் தம்மையே தரையிலிருந்து ஏறக்குறைய 5 மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் செய்தவர் அவர். தாம் கண்டறிந்தவற்றுக்கு உரிமை கோராமல் உலகுக்கே விட்டுக்கொடுத்த உத்தமர். காற்று ஓய்ந்த ஒரு நாளுக்காக அவர் காத்திருந்தால், அந்தப் பட்டங்கள் மணலிலேயே கிடந்திருக்கும். வடமராட்சிச் சிறுவர்கள் ஏற்றும் பெட்டிப்பட்டத்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்று, இந்தத் தூரதேசத்து நாணயத்தாளில் இருப்பதைக் கண்டு அன்று மகிழ்ந்தேனே தவிர, அது எனக்குச் சொல்ல வந்ததை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ரோவிலில் அன்று என் முறை வந்தபோது காற்று மரக்கிளைகளை வளைத்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்னே பறக்கவிட்ட ஒருவருடைய விமானம், பல மாதங்களாகப் பல்சா மரத்தை இழைத்து இழைத்துச் செய்தது, புல்லில் குத்திச் சிதறிக் கிடந்தது. வேறு இருவர் பெயரை விலக்கிக்கொண்டார்கள். என் மகள்தான் எனக்கு உதவியாள், விமானத்தைத் தரையில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "அப்பா, ஏத்தப் போறியளோ, இல்லை அடங்கினாப் பிறகு பாப்பமோ?" என்று கேட்டாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எனக்குச் சுரீரென்று தைத்தது. என் குரலிலேயே அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள் பிள்ளை. "ஏத்தத்தான் போறன், பிள்ளை. நான் கை காட்டேக்கை விடு" என்றேன்.

இறக்கை நுனியில் கம்பி வெளிவரும் இடத்தை நூலளவு மாற்றிவைத்தேன். முச்சையை மாற்றிக் கட்டுவதும் இதுவும் ஒரே காரியம். இயந்திரம் உறுமத் தொடங்கியதும் எரிபொருளோடு கலந்த ஆமணக்கெண்ணெயின் வாசம் எழுந்தது. சிறுவயதில் பேதிக்கு அதைக் குடிக்கவைத்த அம்மாவின் கையை நினைவூட்டும் வாசம். கையைக் காட்டினேன். விமானம் புல்லைவிட்டு எழுந்தது.

முதற்கோலமே கடினமானது. காற்று போகும் பக்கத்தில் செங்குத்தாக ஏறும் விமானம், தலைக்கு நேர்மேலே கடந்து, காற்று வரும் பக்கத்தில் தரையை நோக்கிப் பாய்ந்து, தலைகீழாக நிமிர வேண்டும். அந்த ஓர் இடத்தைத் தவிர்ப்பதற்கு வழியே கிடையாது. அது ஏறியபோது கைப்பிடி கனத்தது. தலைக்கு மேலே கடந்தபோது கனம் குறைந்தது. கீழே பாயத் தொடங்கியதும் கனம் முழுவதும் மறைந்து, பிடித்திருந்தது வெறும் மரத்துண்டாயிற்று. கம்பிகள் தொய்ந்து காற்றில் வளைவதை நான் கண்ணால் கண்டேன். சிந்திக்க அவகாசம் இல்லை. கால்கள் தாமாகவே பின்னோக்கி ஓடின. ஓரடி, ஈரடி, மூன்றடி. மூன்றாம் அடியில் விரல்களில் ஒரு சிறு இழுப்பு, நூலில் மீன் கடிப்பதைப் போல, மெல்லத் தட்டியது. மணிக்கட்டைச் சாய்த்தேன். புல்லின் நுனியைத் தொட்டுவிடும் உயரத்தில் விமானம் தலைகீழாக நிமிர்ந்து என்னைச் சுற்றி ஓடிற்று.

பின்வாங்குதல் என்னும் சொல்லை நான் அதுவரையில் தோல்வியோடு மட்டுமே சேர்த்து நினைத்திருந்தேன். பிடியை விட்டுவிட்டுப் பின்வாங்குவதும், பிடி நழுவாமல் இருப்பதற்காகப் பின்வாங்குவதும், பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருப்பினும், முற்றிலும் வேறான இரண்டு காரியங்கள் என்பதை அந்த மூன்று அடிகள் எனக்கு உணர்த்தின. மற்றக் கோலங்களை எல்லாம் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போட்டேன். வளையங்கள் ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழன்றன. சதுரங்களின் மூலைகள் உருண்டுபோயின. தலைக்கு மேலே போடவேண்டிய எட்டு, எட்டாகவும் இல்லை, வேறு எதுவாகவும் இல்லை. முதல் மூன்று இடங்களுக்குள் நான் வரவில்லை. ஆனால் என் விமானத்தை முழுதாகத் திருப்பி எடுத்துவந்தேன். ஆகாயத்தில் ஒரு கோலத்தையும் விட்டுவைக்கவில்லை.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், காற்றுக்கு அஞ்சாதே என்னும் பழைய புத்திமதிதான் எனக்குக் கிடைத்திருக்கும். மாலையில் நடந்தது வேறு. போட்டி முடிந்து பலர் போனபிறகு காற்று அறவே ஓய்ந்தது; மலைகள் நீலமாகத் தெரிந்தன; ஒரு புல்லும் அசையவில்லை. இந்த நாளுக்காக அல்லவோ வருஷக்கணக்காகக் காத்திருந்தோம் என்று எண்ணி, மறுபடி ஒருமுறை ஏற்றினேன். முதல் வளையம் அச்சில் வார்த்ததுபோல் வந்தது. இரண்டாவதில் விமானம் நடுங்கிற்று. மூன்றாவதில், யாரோ கையால் தட்டியதுபோல, இறக்கை சட்டென்று சரிந்து எழுந்தது. காற்றே இல்லாத வெளியில் எது தட்டிற்று? விமானம் தானே கிழித்துக் கலக்கிவிட்ட காற்றுத்தான். வீசும் காற்று அந்தச் சுழலை உடனுக்குடன் அப்பால் கொண்டுபோய்விடுகிறது. அசையாத ஆகாயத்திலோ அது போட்ட இடத்திலேயே நின்று, திரும்பி வரும் விமானத்தை மோதுகிறது. இந்த வித்தையில் பழுத்தவர்கள் அறவே அடங்கிய நாளைவிட இளங்காற்று வீசும் நாளையே விரும்புகிறார்கள் என்பதைக் கேட்டிருக்கிறேன். அதன் பொருளை அன்றுதான் என் கை அறிந்தது.

நான் கைப்பிடியோடு நின்றபடியே அந்த இரண்டு வருஷங்களை நினைத்தேன். 2002-க்கும் 2004-க்கும் இடையில் ஊரில் காற்று அடங்கித்தான் இருந்தது. பாதை திறந்திருந்தது. ஆனையிறவைக் கடந்து பேருந்துகள் ஓடின. அம்மா வாசலில் இருந்தாள். அடங்காமல் சுழன்றுகொண்டிருந்தது நான் கலக்கிவிட்ட என் சொந்தப் பயங்கள்தாம். அவற்றை நான் உலகத்தின் காற்று என்று எண்ணி, அது ஓய்வதற்காகக் காத்திருந்தேன். வெளியே எவ்வளவு அடங்கியிருந்தாலும், அந்தச் சுழல் தானாக ஓயப் போவதில்லை. மனிதன்தான் இடம் பெயர வேண்டும்.

எரிபொருள் தீர்ந்து விமானம் மெல்ல இறங்கிற்று. மகள் ஓடிப்போய் அதைத் தூக்கி, இறக்கையில் வழிந்திருந்த எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு, "அப்பா, இருட்ட முந்தி இன்னொருக்கா ஏத்துவமே?" என்றாள்.

அடுத்த தை மாதத்தில் உன்னை வல்வெட்டித்துறைக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். பிறகு, முன்பு நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளி நின்றுகொண்டு, கையைக் காட்டினேன்.