உரியவர் தெரியாத கட்டுரைகள்

1935இல் ஒரு தமிழ் மாத இதழில் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் தம் ஊர் ஏரியின் பாசன முறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அவர் எதுவும் எழுதவில்லை, 1990இல் காலமானார். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளரின் ஆயுளோடு, அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளைக் கூட்டுகிறது. ஆக, அந்தக் கட்டுரை 2050 முடியும்வரை ஒருவருடைய சொத்து. அது அச்சான தாளோ மலிவான மரக்கூழ்த் தாள். அமிலம் அதற்குள்ளேயே இருக்கிறது. பழைய இதழ்த் தொகுதிகளைப் புரட்டியவர்களுக்குத் தெரியும்: பக்கம் முதலில் பழுப்பேறும், பிறகு மடிப்பில் ஒடியும், பிறகு விரல் பட்ட இடமெல்லாம் உதிரும். உரிமை உயிரோடு இருக்கும்போதே கட்டுரை இறந்துபோகிறது.

சட்டம் இதை முற்றிலும் மறந்துவிடவில்லை. 2012 திருத்தத்தின்போது 52ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. வணிக நோக்கில்லாத பொது நூலகம், தன்னிடம் அச்சுப்படி இருக்கும் படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்வடிவில் சேமிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேமித்ததை வெளியூர் வாசகருக்கு அனுப்பலாமா, இணையத்தில் வைக்கலாமா என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்தியாவில் விற்பனையில் இல்லாத நூலை நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள்வரை எடுத்துக்கொள்ளலாம் என்கிறது இன்னோர் உட்பிரிவு. நூல், சிறுவெளியீடு, வரைபடம் என்று பட்டியலிடும் அந்த வரி பருவ இதழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அமெரிக்கச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆய்வுக்காகக் கேட்கும் வாசகருக்கு ஓர் இதழிலிருந்து ஒரு கட்டுரையை நூலகம் படியெடுத்துத் தரலாம் என்று நேராகவே சொல்கிறது. நம் நூலகரோ ஆய்வுக்கான நியாயமான பயன்பாடு என்ற பொதுவிலக்கை நம்பித் தம் பொறுப்பில் முடிவெடுக்க வேண்டும். வம்பு எதற்கு என்று அவர் மறுத்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

2012இல் மூன்று பெரிய பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்திலிருந்த ஜெராக்ஸ் கடை மீதும் வழக்குத் தொடுத்தன. பாடத்துக்காக நூற்பகுதிகளைப் படியெடுப்பது தவறல்ல என்று 2016இல் டெல்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை இயற்கையில் பிறந்த உரிமை அல்ல, அறிவு பெருகுவதற்காகச் சமூகம் வகுத்த ஏற்பாடு என்ற தெளிவு அதில் இருந்தது. அந்தத் தீர்ப்பு கற்பித்தலுக்கான விலக்கைப் பற்றியது. எந்த வகுப்பிலும் சேராமல், தம் ஊரின் வரலாற்றைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு முதியவருக்கு அது உதவாது.

சரி, அனுமதி கேட்டுவிடலாம். யாரிடம்? சம்பளத்துக்குப் பணியாற்றிய இதழாளர் எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது இதழில் வெளியிடும் உரிமை இதழின் உரிமையாளருக்கு, மற்ற உரிமைகள் எழுதியவருக்கு என்று 17ஆம் பிரிவு பிரிக்கிறது. வெளியிலிருந்து எழுதி அனுப்பியவருடைய கட்டுரை, உரிமையை எழுதிக்கொடுத்திருந்தால் ஒழிய, அவருடையதே. நின்றுபோன இதழுக்கு அலுவலகம் கிடையாது. ஒப்பந்தம் என்று ஒரு தாள் இருந்ததா என்பதும் தெரியாது. புனைபெயரில் வந்த எழுத்துக்குக் கணக்கு வேறு: எழுதியவர் யார் என்பது வெளிப்படாத வரையில், வெளியான காலத்திலிருந்து 60 ஆண்டுகள்தான். அதனால் 1935இல் புனைபெயருக்குப் பின்னால் மறைந்துகொண்டவரின் கட்டுரை இன்று எல்லாருக்கும் பொது. சொந்தப் பெயரை நேர்மையாகப் போட்டவருடையது பூட்டியே கிடக்கிறது.

உரிமையாளர் அகப்படாத படைப்பை வெளியிட 31அ பிரிவு ஒரு வழி காட்டுகிறது. விண்ணப்பிப்பதற்கு முன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அறிவிப்பு வெளியிட வேண்டும். செட்டிநாட்டிலோ தஞ்சையிலோ வாழும் ஒரு தமிழ் எழுத்தாளரின் பேத்தியைத் தேட ஆங்கில நாளிதழ்! ஓராண்டுத் தொகுதியில் ஐம்பது பேர் எழுதியிருந்தால் இதை ஐம்பது பேருக்கும் செய்ய வேண்டும். எந்த நூலகத்திடம் அதற்கு ஆளும் பணமும் இருக்கிறது? ஐரோப்பிய ஒன்றியம் 2012இலேயே இதற்கு நேர்வழி வகுத்தது. நூலகம் உரியவரைக் கவனமாகத் தேடட்டும். கிடைக்காவிட்டால் இணையத்தில் வைக்கட்டும். பின்னால் உரியவர் வந்தால் நியாயமான ஈடு தரட்டும். இந்தியாவுக்கும் இப்படி ஒரு விதி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

எழுத்தாளரின் உரிமையை நான் சிறிதாக நினைக்கவில்லை. தமிழில் எழுதிப் பிழைத்தவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். விற்கும் நூலைத் திருட்டுத்தனமாகப் பரப்புவது அவர்கள் சோற்றில் கைவைப்பது. தமிழ்நாட்டில் அரசு பலருடைய எழுத்துகளை, குடும்பத்துக்குப் பரிவுத்தொகை தந்து நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. அது பேர் பெற்றவர்களுக்கான வழி. ஒரே ஒரு நல்ல கட்டுரை எழுதிவிட்டு மறைந்தவருக்காக அரசாணை வரப்போவதில்லை.

சட்டம் மாறும்வரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் அப்பாவோ பாட்டியோ இதழ்களில் எழுதியிருந்தால், வாரிசுகள் சேர்ந்து, அந்தக் கட்டுரைகளை மின்வடிவில் எவரும் படிக்கலாம் என்று ஒரு நூலகத்துக்குக் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுங்கள். நீங்களே எழுதுபவராக இருந்தால் இன்னும் எளிது: 21ஆம் பிரிவின்படி பதிப்புரிமைப் பதிவாளருக்கு எழுதியோ பொது அறிவிப்பு வெளியிட்டோ, உரிமையை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம். உங்களுக்குப் பிறகு உங்கள் பேரப்பிள்ளைகளைத் தேடி எந்த நூலகராலும் அலைய முடியாது. அந்தக் கடிதத்தை இந்த ஆண்டே எழுதிவிடுங்கள்.