பாடிய வாழ்வு யாருக்குரியது?

ஒருவர் தமது வாழ்க்கையைத் தாமே பிறர்முன் பாடுகின்றார். அப்பாட்டு ஒலிப்பதிவு செய்யப்படுகின்றது. அதன்பின் அது எவருடையது? பாடியவருடையதே என்று உடனே கூறிவிடத் தோன்றும். ஆயின், நியூயோர்க் நகரத்து அரங்கொன்றில் நிகழ்ந்த பாட்டுக் கலைஞரின் பெயர் பொறித்த இசைத்தட்டாக வெளிவருகின்றது. மொனராகலையின் இறப்பர்த் தோட்டமொன்றில் லயத்து வாசலில் நிகழ்ந்த பாட்டோ ‘பாடியவர்: தோட்டப் பெண் ஒருவர்’ என்ற அளவிலான குறிப்போடு நாட்டார் பாடலாகிவிடுகின்றது. இரண்டும் ஒரே வகைச் செயல்கள் என்பதை ஒப்புக்கொண்டால், முன்னைய வினா அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

முதலில் நியூயோர்க்கை நோக்குவோம். கபரே என்ற சொல் நம்மவர் செவிக்கு உவப்பானதன்று. எழுபதுகளின் தமிழ்த் திரைப்படங்கள் அதனை மதுக்கூடத்து நடனமொன்றின் பெயராகவே நமக்கு அறிமுகப்படுத்தின. மேலைநாட்டு இசைநாடக மரபிலே அதற்கு வேறு பொருளும் உண்டு. சிறிய மண்டபம்; மேசைகளைச் சுற்றி நெருங்கி அமர்ந்திருக்கும் சபை; ஒரு பியானோ; ஒரு பாடகர். நாடகத்தில் பாத்திரமாக நின்று பாடியவர் இங்கே வேடமின்றித் தாமாகவே நிற்கின்றார். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே தம் கதையைச் சொல்லுகின்றார். சபையோரின் சிரிப்பும் கைதட்டலும் இருமலுங்கூட அப்படியே பதிவாகி இசைத்தட்டாக வெளிவருவதும் உண்டு. பின்னர் இவ்வடிவம் பெரிய அரங்குகளுக்கும் பரவியது.

லீனா ஹோர்ண் (1917–2010) என்ற கறுப்பினப் பாடகி 1940களில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் இசைப்படங்களில் தோன்றியவர். அவர் பாடும் காட்சிகள் பெரும்பாலும் கதையோடு பிணைக்கப்படாமல் தனித்து நின்றன. தென் மாநிலங்களிற் படம் காட்டப்படும்போது அவற்றை வெட்டி நீக்க வசதியாயிருக்கவேண்டும் என்பதே காரணம். 1981 மே மாதத்தில், ‘சீமாட்டியும் அவள் இசையும்’ என்று பொருள்படும் தலைப்பில், அவர் புரோட்வே அரங்கிலே தமது வாழ்க்கையைத் தாமே பாடத் தொடங்கினார். அந்நிகழ்ச்சி 333 தடவைகள் மேடையேறியது. அதன் நேரடிப் பதிவு குயின்சி ஜோன்சின் தயாரிப்பில் அதே ஆண்டில் வெளிவந்தது. அதில் அவர் ‘ஸ்டோமி வெதர்’ என்ற பாடலை இரண்டு இடங்களிற் பாடுகின்றார்: முதன்முறை 1943 ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பழைய நளினத்தோடு, மறுமுறை அறுபதைக் கடந்த ஒருத்தியின் முழுக் குரலில். வெட்டி நீக்கத்தக்கவளாக வைக்கப்பட்டிருந்தவள் ஒரே பாட்டை இருமுறை பாடுவதற்கான காலத்தைத் தனக்கெனப் பெற்றுக்கொண்டாள் என்பதே அப்பதிவின் பொருள் என யான் கருதுகின்றேன். இத்தனைக்கும் அப்பாட்டு அவர் இயற்றியதன்று. 1933 இல் வேறிருவர் ஆக்கியது. அவருக்கு முன்னரே எதெல் வோட்டர்ஸ் பாடிப் புகழ் பெற்றது.

இதே நிலைமையை எலெய்ன் ஸ்ட்ரிச் என்ற இசைநாடக நடிகையிடமும் காணலாம். 2001 இன் இறுதியில், எழுபத்தாறாவது வயதில், வெறும் மேடையில் ஓர் உயர்ந்த நாற்காலியோடு நின்று அவர் தமது மேடை வாழ்வையும் மதுவுக்கு அடிமையாயிருந்த ஆண்டுகளையும் சொல்லியும் பாடியும் காட்டினார். பாடல்கள் பிறர் ஆக்கியவை. அவற்றுட் சில பிறர் நடித்த பாத்திரங்களுக்கென எழுதப்பட்டவை. நிகழ்ச்சியின் விளம்பரத்தில் ஒரு விசித்திரமான வரி இருந்தது. ‘கட்டியமைத்தவர் ஜோன் லார்; மீளக் கட்டியமைத்தவர் எலெய்ன் ஸ்ட்ரிச்’ என்பது அதன் கருத்து. வேடிக்கையாகவே எழுதப்பட்டிருக்கலாம். எனினும் தன்வரலாறு பற்றிய தடித்த ஆய்வு நூல்கள் பலவற்றிலும் அந்த ஒரு வரியில் நேர்மை மிகுதி என்பேன். வாழ்க்கை தானாகப் பாட்டாவதில்லை, அது கட்டப்படுகின்றது. கட்டுவதற்குரிய கற்கள் பெரும்பாலும் பிறருடையவை.

இக்கூற்றை இங்கு நிறுத்தி வைத்துக்கொண்டு நமது மரபுக்கு வருவோம். அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. பெயர் சுட்டினால் அது புறமாகிவிடும். காதலும் பிரிவும் எவருக்கும் உரியனவாக இருக்கவேண்டின் அவை எவருடைய பெயரையும் தாங்கக்கூடாது என்பது இதன் அழகியல் நியாயமாகலாம். இதற்கு ஓர் அறவியல் நியாயமும் உண்டென்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. அந்தரங்கத்தைப் பாடுபவளைப் பெயரின்மை பாதுகாக்கின்றது. ஆண்டுதோறும் மாசியில் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன்கூத்தில் எரியுண்ட காமனுக்காக ரதி அழுகின்றாள். ரதி வேடம் பூண்ட ஆண்மகன் எந்தத் துயரை நினைத்து அழுதான் என்று எவரும் கேட்பதில்லை. வேடம் அவனுக்கு வேலியாகின்றது.

புறத்திணையில் பெயர் சொல்லலாம். ஆயினும் அங்கும் பெண்ணின் பெயருக்கு நேர்ந்தது யாது? கணவன் மாய்ந்தபின் தீப்பாயுமுன் தன் முடிவைத் தானே பாடியவள் ‘பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு’ என்றே அறியப்படுகின்றாள். தந்தையையும் நாட்டையும் இழந்த நிலையைப் பாடிய மகளிர் இருவரும் பாரி மகளிரே. தன் வாழ்வைத் தானே பாடியவளுக்குக் கணவனின் பெயரும் தந்தையின் பெயரும் எஞ்சின; அவள் பெயர் எஞ்சவில்லை.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளின் (1908–1980) வாழ்க்கை அதற்குச் சான்று. அவர் இளமையிலேயே இலங்கை மேடைகளில் பாடிப் பெயர் பெற்றவர். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் அவர் இணைந்து நடிக்கத் தொடங்கியதும் 1926 அளவில் இந்நாட்டிலேயே. இருவரும் மணந்துகொண்டனர். 1933 டிசம்பரில் இருபத்தேழே வயதில் கிட்டப்பா மறைந்தார். இருபத்தைந்து வயதுச் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடையுடுத்தி அணிகளைத் துறந்தார். ஆண்மகனுக்கு இணையாக இனி நடிப்பதில்லை என முடிவு செய்தார். 1935 இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் பாத்திரமான நந்தனாராகவே தோன்றினார். 1953 இல் ஔவையார், 1964 இல் ‘பூம்புகார்’ படத்திற் கவுந்தியடிகள், 1965 இல் ‘திருவிளையாடல்’ படத்தில் மீண்டும் ஔவையார். ஆண், கிழவி, துறவி என்ற இம்மூன்று எல்லைகளுக்குள்ளேயே ஒரு மாபெருங் குரல் உலவியது.

சுந்தராம்பாள் மேடையில் நின்று தமது கதையைப் பாடியவரல்லர். லீனா ஹோர்ணுக்குக் கிடைத்த அத்தகைய மாலைப்பொழுது அவருக்கு வாய்க்கவுமில்லை. அவர் அதனை வேண்டியதாகவும் தெரியவில்லை. ஆனால் சபையோர் அவருடைய வெள்ளைச் சேலையை ஒரு முன்னுரையாக வாசித்துவிட்டு, முருகனைப் பாடினாலும் ஔவையின் அறத்தைப் பாடினாலும் அதனுள்ளே கிட்டப்பாவைத் தேடினார்கள். இன்றும் அவரைப்பற்றி எழுதுவோர் பலர் அவ்வாறே எழுதுகின்றனர். அவருடைய சங்கீத ஞானம், மூன்று தாயிகளையும் எளிதாகத் தொடும் அக்குரலின் பயிற்சி, சட்டமேலவை உறுப்பினராக அமர்ந்த அரசியல் வாழ்வு ஆகியன யாவும் அந்த ஒரு துயரத்தின் அடிக்குறிப்புகளாகிவிடுகின்றன. அவர் கொடுக்காத தன்வரலாற்றை நாம் எடுத்துக்கொண்டோம். அன்பினாலே எடுத்துக்கொண்டோம் என்பது உண்மை. அன்பினால் எடுத்தாலும் கேளாமல் எடுத்தது கேளாமல் எடுத்ததே.

இனி ஊவாவுக்கு வருவோம். மொனராகலை 1959 இலே பதுளையிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கப்பட்டது. பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் தேயிலை. மொனராகலைப் பக்கம் பெரிதும் இறப்பர். விடியுமுன் பால்வெட்டப் போகும் பெண்ணும் கொழுந்துக்குப் போகும் பெண்ணும் ஊர்க்கூட்டத்திலோ தொழிற்சங்க மேடையிலோ தன் கதையை முழுமையாகச் சொல்லும் வாய்ப்பு அரிது. அவளுக்கென இருக்கும் அரங்கு இழவு வீடு. ஒப்பாரி இறந்தவரை விளித்தே பாடப்படுகின்றது. ஆனாற் கேட்பவர்கள் உயிரோடிருப்பவர்கள். தாயைக் கட்டிக்கொண்டு அழும் மகள் தாயின் பெருமையைச் சொல்லித் தொடங்கித் தன்னைத் தூரத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்ததையும், அண்ணன்மார் எட்டிப் பாராததையும், பெற்று இழந்த பிள்ளையையும், கைக்காசு ஒரு நாளும் கைக்கு வராததையும் வரிசையாகப் பாடிவிடுகின்றாள். அண்ணன்மார் பக்கத்திலேயே நிற்கின்றார்கள். அன்று அவளை எவரும் இடைமறிக்க முடியாது. மேசைக்கு மேசை மதுக்கிண்ணம் வைத்த நியூயோர்க் மண்டபத்துக்கும் பறை ஒலிக்கும் லயத்து வாசலுக்கும் இடையே எத்தனை வேறுபாடுகள் இருப்பினும், ஒருத்தி வேடமின்றி நின்று தன் வாழ்வை இசையோடு எண்ணிக் காட்டுகின்றாள் என்ற நடுச்செயலில் வேறுபாடு இல்லை.

உயிரோடிருப்பவர்க்கும் ஒப்பாரி பாடிய காலம் ஒன்று உண்டு. 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடியுரிமை பெற்றோர் தலைமன்னாருக்குப் புறப்பட்டனர். ஒரு குடும்பத்திலேயே சிலர் ஏறினர், சிலர் நின்றனர். அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயரிட்டார்கள். வண்டிக்குப் பெயர் கிடைத்தது, பாடியவளுக்குக் கிடைக்கவில்லை. விதிவிலக்காக ஒருவரைச் சொல்லவேண்டும். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்ட மக்களின் நிலைமையைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடியவர். 1940 இல் அப்பாடல்களைத் தம் பெயராலேயே நூலாக அச்சிட்டார். அச்சுக்கூடம் எட்டும் தூரத்தில் இருந்தவருக்குப் பெயர் தங்கியது.

ஒப்பாரியின் சொற்கள் அவளுடையவை அல்லவே, அவை வாய்மொழி மரபின் பொதுச் சொத்தன்றோ என்று நாட்டாரியலார் கேட்பர். ஆம், விளிகளும் உவமைகளும் பாட்டியிடமிருந்து வந்தவை. ஆனால் மேலே நிறுத்திவைத்த கூற்றை இப்போது எடுத்துக்கொள்வோம். பிறர் ஆக்கிய பாடல்களைத் தெரிந்து தொடுத்துத் தம் வாழ்வாக்கிய ஸ்ட்ரிச் மீளக் கட்டியமைத்தவராக மதிக்கப்படுகின்றார். வேறிருவர் ஆக்கிய பாட்டு லீனா ஹோர்ணின் வாழ்க்கைச் சாட்சியாகின்றது. மரபு தந்த அடிகளைத் தன் இழப்பின் ஒழுங்கிலே தொடுத்த பசறைப் பெண்ணை மட்டும் எந்த நியாயத்தாற் ‘தகவலாளி’ என்கின்றோம்? சொற்களின் உரிமை பற்றிய வாதமாக இது தோன்றினும், உண்மையில் இதன் அடியில் இருப்பது வர்க்கம் பற்றிய ஓர் எண்ணம்: சிலர் பாடினால் அது கலை, சிலர் பாடினால் அது தரவு.

இதனினும் வலிய மறுப்பொன்றுண்டு. அண்ணனையும் கங்காணியையும் பழித்துப் பாடியவளின் பெயரை அச்சிட்டால், மறுநாள் அவள் அதே லயத்தில், அதே மனிதரிடையே வாழவேண்டும். இழவு வீட்டில் அவளுக்கிருந்த காப்பு புத்தகத்தில் இராது. அகத்திணை விதியின் கருணை இங்கே தேவைப்படுகின்றது. இம்மறுப்பை யான் ஏற்கின்றேன்; ஆயினும் அது பாதி வழிக்கே செல்லும். பெயரை மறைத்துக்கொள்ளும் உரிமை அவளுக்கு உண்டென்றால், அதனை மறைப்பதா வெளியிடுவதா என்று தீர்மானிப்பவளும் அவளேயாதல் வேண்டும். சுந்தராம்பாளிடம் கேளாமலே அவர் பாட்டில் வாழ்க்கையை ஏற்றினோம்; இவளிடம் கேளாமலே இவள் பாட்டிலிருந்து பெயரை இறக்கினோம். இரண்டும் ஒரே தவறின் இரு முகங்கள்.

2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்நாட்களில் உறவினரின் அழுகை தொலைக்காட்சி வழியாக நாடெங்கும் கேட்டது. அழுதவர்களில் ஒருவருடைய பெயரேனும் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றது? அவ்வழுகையைப் பதிவு செய்யலாமா என்று அவர்களிடம் கேட்கும் அவகாசம் எவருக்கேனும் இருந்ததா? இன்று கைத்தொலைபேசியோடு தோட்டத்துக்குப் போகும் மாணவர் எவரும் ஒலிப்பதிவாளரே. ஆகவே பாடி முடிந்த பின் ஒருநாள் திரும்பிப் போய், பதிவை அவளுக்கே போட்டுக் காட்டி, எந்தப் பெயர் எழுதவேண்டும் என்று கேட்பது இயலாத காரியமன்று. அவள் வேண்டாம் எனலாம். தன் தாயின் பெயரை எழுதச் சொல்லலாம். அழித்துவிடு என்றும் சொல்லலாம்.

பாடியவள் இறந்துபோய், நாடாவில் தோட்டத்தின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும் பழைய பதிவுகளை என்செய்வது? இதற்குச் சங்கத் தொகைகளிலேயே ஒரு வழி உண்டு. இயற்பெயர் தெரியாத புலவர்களை அவர்தம் பாட்டிலிருந்தே எடுத்த தொடர்களாற் பெயரிட்டு வழங்கினர். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றெல்லாம் நாம் அறிவது அவ்வாறே. ஒப்பாரியின் அடிகள் பல பொதுவானவை ஆதலால், எத்தொடரைத் தெரிவது என்ற இடர் எழும். ஆனால் ஒவ்வோர் ஒப்பாரியிலும் மரபு கைவிட்டுவிட்ட ஓரிடம் இருக்கின்றது. உவமை நின்று, ஒரு மலைவாய்க்காலின் பெயரோ, பிள்ளைக் காம்பரா வாசலோ, பதிவுப் புத்தகத்தில் வெட்டப்பட்ட ஒருநாட் பேரோ வந்து விழும் இடம். அவ்விடத்துச் சொல்லை எடுத்து அவளுக்குப் பெயராக இடலாம்.