நின்றதும் நிறுத்தியதும்

மழை குறைந்த பிரதேசத்தில் வைப்பர் ஆண்டின் பெரும்பகுதி சும்மா கிடக்கிற உறுப்பு. அது பழுது என்பது தேவைப்படும் கணத்தில்தான் தெரியவருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையும் சாத்தனூர் அணை வெள்ளமும் சேர்ந்து மணலூர்பேட்டையில் தென்பெண்ணை கரைமீறிய நாட்கள் அப்படிப்பட்டவை. அந்த மழையில் கண்ணாடி துடைபடவில்லையென்றால், ஓட்டுகிறவனுக்குப் பாதையும் இல்லை, பாதையில் நிற்கும் மனிதனும் இல்லை. எனவே இதில் ஒழுக்கப் பிரச்னை இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

வைப்பர் நின்றால் மோட்டார் போய்விட்டது என்கிறோம். இந்த வாக்கியத்தில் விசாரணை இல்லை. தீர்ப்பு மட்டும் இருக்கிறது. எது நின்றதோ அதுவே குற்றவாளி. மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பாட்டரியிலிருந்து 12 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் சில நிமிஷங்களில் விஷயம் தெரிந்துவிடும். ஓடினால், கோளாறு ஃபியூஸிலோ, ஸ்விட்சிலோ, வயரிலோ, துருவேறிய எர்த்திலோ இருக்கிறது. ஓடாவிட்டால், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்; தண்ணீர் புகுந்து உள்ளே துருப்பிடித்திருக்கலாம்.

இன்னொரு வகை உண்டு. மோட்டாரின் சுழற்சியை வைப்பர் கைகளுக்குக் கொண்டுபோகும் ராடுகளின் மூட்டுகளில் கிரீஸ் காய்ந்து இறுகிவிடுகிறது. மோட்டார் அந்த இறுக்கத்தோடு போராடி, அதிகக் கரண்டை இழுத்து, சூடேறிக் கருகுகிறது. புது மோட்டார் போடுகிறோம். அதற்கும் அதே கதி. குற்றம் இருந்த இடத்திலேயே இருக்கிறது; அதைச் சுமப்பது மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது. காரியாலயத்திலும் குடும்பத்திலும் நாம் நடத்துகிற நியாயம் இதுதான். தாங்கமுடியாமல் நின்றவனை நீக்கி, அதே இடத்தில் இன்னொருவனை வைப்போம்.

மெக்கானிக்கின் பக்கமும் நியாயம் உண்டு. இன்றைய மோட்டார்கள் பலவும் திறந்து பழுதுபார்க்கிறவனை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. மழையில் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பவனுக்குப் பொறுமையும் இல்லை. முழுசாக மாற்றிவிடுவது சில வேளை சரியான காரியமே. ஆனால் அதற்குமுன் ராடைக் கழற்றி, கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்திருக்க வேண்டும். மாற்றியது நியாயமா என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு அசைப்பு.

ஸ்விட்சை அணைத்த பின்னும் வைப்பர் உடனே நிற்பதில்லை. பல்சக்கரத்தோடு அமைந்த பார்க் ஸ்விட்ச், கைகள் கண்ணாடியின் அடிக்கு வந்து சேரும்வரை மின்சாரத்தை விடாமல் கொடுக்கிறது. பாதியில் நின்றால் அதைப் பழுது என்கிறோம். தீர்ப்புச் சொல்கிறவனுக்குள் அப்படி ஒரு ஸ்விட்ச் கிடையாது. அவன் பாதியில் நின்றுவிடலாம். அதை யாரும் பழுது என்று சொல்வதில்லை.